அண்ணே, அந்த மஞ்சள் கேப்ஸ்யூலை இனிமேல் கை காட்டாதீங்க

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் அயனாவரத்திலிருந்து கிளம்பி உங்கள் தெருவில் வந்து நிற்கிற ஆள் நான். ஒரு ஜோடி மோலி வாங்க வந்துவிட்டு நாலு கவரோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்குகிறவன். சண்டை போட எழுதவில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் என் கோல்டு ஃபிஷ்ஷின் வால் ஓரம் வெளுத்துப்போய்ப் பஞ்சு பஞ்சாக அரிக்க ஆரம்பித்தது. ஒரு கடையில் போட்டோவைக் காட்டினேன். "எத்தனை லிட்டர் டேங்க்?" என்று மட்டும்தான் கேட்டார்கள். "டெட்ராசைக்ளின் ரெண்டு கேப்ஸ்யூல் பிரிச்சுப் போடுங்க, மெடிக்கல்லயே கிடைக்கும்." கிடைத்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக் மருந்து அது. மீனுக்கு என்றதும் மெடிக்கல்காரர் சிரித்துக்கொண்டே பத்து கேப்ஸ்யூல் அட்டையை எடுத்து நீட்டினார். முதல் நாள் இரண்டு, மறுநாள் இரண்டு. மஞ்சளாக இருந்த தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறி, மேலே நுரை கட்டியது. மூன்றாம் நாள் மீன் மல்லாந்து கிடந்தது. நாற்பது லிட்டரையும் அப்படியே பாத்ரூமில் கவிழ்த்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டிக்கொண்டால் மீன் உடம்புக்குள் சரியாகப் போகாது; இந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே என்று டாக்டர் சொல்வதும் இதனால்தான். எங்கள் வீட்டு போர் தண்ணீரோ பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் ரகம். ஆக மருந்து மீனுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற நல்ல பாக்டீரியாவையும் பதம் பார்த்திருக்கும். இன்னொரு கூத்து, வெள்ளைப் புள்ளி நோய்க்கும் இதையே போடுகிறோம். அது பாக்டீரியாவே இல்லை, ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

என் மீன் செத்தது என் பாடு. அந்த நாற்பது லிட்டர்தான் உறுத்துகிறது. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமிகள், தப்பிக்கும் வித்தை எழுதிய மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். பாத்ரூம் தண்ணீர் எங்கே போகிறது? ஊர் முழுக்க மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகளோடு சாக்கடையில் கலக்கிறது, மழை பெய்தால் ஓட்டேரி நல்லா கால்வாயில் பொங்கித் தெருவுக்கே திரும்பி வருகிறது. காலராவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் இதே டெட்ராசைக்ளின் குடும்பம்தான். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ஐச் சோதித்தபோது 51-ல் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கும் கார்பபெனெம் ஊசிகளையே வேலை செய்யாமல் ஆக்கும் மரபணு அது.

கோழிப்பண்ணையை விட்டுவிட்டு எங்களைப் பிடித்தாயே என்பீர்கள். நியாயம்தான், அங்கே போகிற அளவுக்கு முன்னால் நம் டேங்க் தூசு. ஆனால் அங்கே ஏதோ கொஞ்சமாவது நடக்கிறது: 2019-ல் கோழிக்கும் உணவு மீன் வளர்ப்புக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தார்கள், இறைச்சியில் மருந்து மிச்சம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பும் இருக்கிறது. அழகு மீன் தட்டுக்கு வருவதில்லை, அதனால் அந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். போட்டோவோடு யாராவது வந்தால் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். எப்போது மாற்றினாய், அம்மோனியா பார்த்தாயா, எத்தனை மீனை அடைத்து வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். தனி டேங்க், கல்லுப்பு, பாதித் தண்ணீர் மாற்றம் என்று சொல்லி அனுப்புங்கள். அதிலும் தேறாவிட்டால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன் நோய் ஆய்வுக்கூடம் இருக்கிறது, உங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். பண்ணையிலிருந்து மீன் வரும் கவர் தண்ணீரில் என்ன மருந்து கலந்து அனுப்புகிறார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் அவர்கள் பதில் சொல்வார்கள்.

மீதி ஆறு கேப்ஸ்யூல் இன்னும் அட்டையோடு என்னிடம்தான் இருக்கிறது. குப்பையிலும் போட மனசில்லை, சிங்க்கிலும் கொட்ட முடியவில்லை. யாராவது ஒருவர் கடையில் ஒரு டப்பா வைத்து, சேர்ந்ததை முறையாக ஒப்படைக்க ஏற்பாடு செய்தால், வருகிற ஞாயிறு முதல் ஆளாக நான் கொண்டுவந்து போடுகிறேன்.

இப்படிக்கு,
அயனாவரத்து மோலிக்காரன்