வீடு காலியாக இருக்கும் மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரகரையோ பராமரிப்பு நிறுவனத்தையோ நம்பாமல் தாமே வீட்டை வாடகைக்கு விடுபவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, நல்ல குடித்தனக்காரர் அமைவதை ஏறக்குறைய அதிர்ஷ்டத்தின் கணக்கில் சேர்த்திருந்தது. பல ஆண்டுகளாக இரண்டு வீடுகளை நானே கவனித்துவருகிறேன். நான் பட்ட தொல்லைகளில் பாதிக்கு மேல், வீடு பூட்டிக் கிடக்கிறதே என்ற என்னுடைய அவசரத்தால் வந்தவை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்த அவசரம் காரணமில்லாததும் அன்று. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல், போய்விடுகிறது. 5 சதவீதம் கூட்டிக் கேட்டு அதற்காக ஒரு மாதம் காத்திருப்பவருக்கு அந்த ஆண்டு நட்டமே மிஞ்சும். ஆகவே வாடகையில் சிறிது இறங்கிவரலாம் என்பதே என் கட்சி. ஆனால் குடிவருபவரைப் பற்றி விசாரிப்பதில் இறங்கிவந்து நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்று மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன், இன்றே சாவி வேண்டும் என்று ஒருவர் கேட்க, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குமுன்பே சாவியைக் கொடுத்துவிட்டேன். நான்காம் மாதம் வாடகை நின்றது. என்ன வாடகை பேசினோம், என்றைக்குக் குடிவந்தார் என்பவற்றுக்குக்கூட என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள் என்று கட்டுரையாளர் சொல்வது சரிதான். ஆனால் எந்த வீட்டுக்காரரிடம் என்பதை அவர் சொல்லவில்லை. தொல்லை தருபவரை எப்படியாவது கிளப்பிவிட நினைக்கும் இப்போதைய வீட்டுக்காரர், தங்கமான மனிதர் என்றுதான் சான்று தருவார். அதற்கும் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளருக்கு அந்த ஆதாயம் இல்லை. அவரிடமும் ஆள் எப்படி என்று பொதுவாகக் கேட்காமல், வாடகை எத்தனாம் தேதி வந்தது, காலி செய்தபோது முன்பணத்தில் எவ்வளவு பிடித்தீர்கள், மறுபடி அவருக்கே வீட்டை விடுவீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வருமுன் விழும் சிறு மௌனம் எனக்குச் சில முறை உதவியிருக்கிறது. எதிர்முனையில் பேசுபவர் வீட்டுக்காரர்தானா, விண்ணப்பித்தவரின் நண்பரா என்ற ஐயம் எழுந்தால், குடியிருந்த காலத்தை நாம் எடுத்துக்கொடுக்காமல் அவர் வாயாலேயே வரவழைப்பது நல்லது.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை, முன்பணம், எந்த மாடி, மின்தூக்கி உண்டா என்பவற்றை மறைக்காமல் போட்டால் வீண் அழைப்புகள் பாதியாகக் குறையும். வருமானச் சான்று உட்பட நாம் கேட்கப்போகும் நிபந்தனைகளை முதல் அழைப்பு வருமுன்பே எழுதிவைத்து, வருகிறவர் அனைவருக்கும் அவற்றையே பொருத்த வேண்டும். இல்லையென்றால் முகத்தையும் பெயரையும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நமக்குத் தெரியாமலே வந்துவிடுகிறது.

வீடு பார்க்க வருபவர் நிறையக் கேள்வி கேட்டால் சில வீட்டுக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. என் வீட்டைப் பார்க்க வந்த ஓர் அம்மையார் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டிக்கு அடியில் குனிந்து குழாய் இணைப்பைக் கையால் தடவிப் பார்த்து, ஈரமான விரலை என்னிடம் காட்டினார். எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. இணைப்பை மாற்றிய பிறகே குடிவந்தார். சாவி கைமாறிய அன்று மின்மீட்டர் அளவையும், குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே இருந்த விரிசலையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஆறு ஆண்டுகள் கழித்து அவர் காலி செய்தபோது அந்தத் தாளை அவரே தேடி எடுத்துவந்தார். விரிசல் அதே அளவில் இருந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்