சங்கத்துப் பெரியவங்களுக்கு: கண் கேம்ப் மாதிரி காதுக்கும் ஒண்ணு போடுங்க

நம்ம ஊர் நகரத்தார் சங்கத்து அண்ணன்மாருக்கும் ஐயாமாருக்கும் வணக்கம். வருஷா வருஷம் கண் கேம்ப் போடுறீங்க, அதுல புரை எடுத்துட்டு வந்த ஆச்சிக இப்ப துணையில்லாம கோயிலுக்குப் போறாங்க. அதே ஆச்சிகளோட காதுக்கும் ஏதாவது செய்யணும்னுதான் இந்த மடல்.

விசேஷ வீட்டுப் பந்தியில பாருங்க, "கும்மாயம் இன்னும் கொஞ்சம் வைக்கவா ஆச்சி"ன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே தலைய மட்டும் ஆட்டுவாங்க. வயசானா பெரும்பாலும் கீச்சு சத்தம்தான் முதல்ல மங்கும், குரல் கேக்கும் ஆனா பேச்சு பிரியாது, அதனால கத்துறதுல பிரயோஜனம் இல்ல, முகத்துக்கு நேரா வந்து நிதானமா சொல்லணும்.

ஆனா காது கேக்குற மெஷினைக் கையில குடுத்து போட்டோ எடுத்து அனுப்புற கேம்ப் வேண்டாம். முதல்ல இஎன்டி டாக்டர் பாக்கட்டும், வெறும் அழுக்கு அடைப்போ காது சவ்வுல ஓட்டையோன்னா வைத்தியத்துலயே சரியாக வாய்ப்பு இருக்கு. அப்புறம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்குற டெஸ்ட். தயவுசெஞ்சு அத வளவுல, அதான் முற்றத்தைச் சுத்தின கூடத்துல, வச்சு எடுக்காதீங்க, ஆத்தங்குடி தரைக் கல்லுக்கும் உசந்த கூரைக்கும் அத்தனை சத்தமும் எதிரொலிக்கும், காது இருக்கறதவிட மோசமா காட்டிரும்.

சிவகங்கை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயும் சொல்லி வைங்க, சான்றிதழ், யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு, மெஷின் எல்லாம் அவங்க வழியா கேக்கலாம். ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ரெண்டு காதுலயும் கேக்குற திறன் 60 டெசிபலாவது (சத்தத்தை அளக்குற அளவு) குறைஞ்சாத்தான் கணக்கு. 45, 50ல நிக்கிறவங்களுக்கும் பேச்சு பிரியாது, ஆனா அந்தச் சலுகை கிடையாது. சங்கப் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

மெஷின் மாட்டுன புதுசுல தட்டு விழுந்தாக்கூட இடி விழுந்த மாதிரி இருக்கும், மூளை பழக நாளாகும். காது டெஸ்ட் எடுத்து மெஷின் பொருத்துற ஆடியாலஜிஸ்ட் மறுபடி வந்து ட்யூன் பண்ணலேன்னா மெஷின் அலமாரிக்குள்ள போயிரும். அந்த ரெண்டாவது தடவைக்கும் சேத்து இப்பவே பணம் ஒதுக்குங்க.

சின்னப் பிள்ளைகளையும் விட்றாதீங்க. "அவன் அப்பச்சியும் லேட்டாத்தான் பேசுனாரு"ன்னு உக்காந்திருக்கக் கூடாது, பொறந்த ஒரு மாசத்துக்குள்ள ஓஏஇங்கற காது டெஸ்ட் எடுத்து, குறை இருந்தா ஆறு மாசத்துக்குள்ள மெஷினும் பயிற்சியும் ஆரம்பிக்கணும். யாருக்காவது திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா கேம்ப் வரட்டும்னு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க.

பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைங்க வந்திருக்கப்ப வச்சா, மெஷின் மாட்டுறது, அதுல பேட்டரி மாத்துறது எல்லாம் அவங்களும் கத்துக்குவாங்க. டெஸ்ட்டுக்கு எங்க வீட்டு ரெண்டாங்கட்டு உள்ளறைய எடுத்துக்கங்க, தெருச் சத்தம் வராது, எதிரொலிக்காம இருக்க மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் நானே விரிச்சு வைக்கிறேன்.