சதுரங்கத்தைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சிறுவர் பகுதியில் சதுரங்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் செஸ் ஆசை நன்றாகவே கூடியிருக்கிறது. அந்த ஆசையை மதித்துப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை சொல்லிக்கொடுத்தது நான்கே நகர்வில் மேட் வைக்கும், அதாவது எதிராளி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கும், வித்தையையும் இன்னும் இரண்டு பொறிகளையும் மட்டும்தான். அதில் எனக்குப் பெரிய வருத்தம்.

ராணியையும் மந்திரியையும் அவசரமாக வெளியே கொண்டுவந்து, எதிராளி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைக்கும் அந்த வித்தை, அதைப் பார்த்திராத பிள்ளையிடம் ஒருமுறை பலிக்கும். ஒரு குதிரையைச் சரியான நேரத்தில் நகர்த்தத் தெரிந்த பிள்ளையிடம் பலிக்காது. அப்புறம் ராணியைத் துரத்தித் துரத்தியே எதிராளி தன் காய்களை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடுவான். வலய மட்டப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் முதல் இரண்டு சுற்றில் துள்ளிவிட்டு மூன்றாம் சுற்றில் வாடிப்போகிறார்கள். பிள்ளைகளிடம் குறையில்லை. போனில் மூன்று நிமிட ஆட்டங்களும் பொறி வீடியோக்களும் தவிர அவர்களுக்கு வேறு எதையும் நாம் காட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் எங்கள் வாசிகசாலையில் கூடும் பிள்ளைகளுடன் நான் உட்கார்வதுண்டு. ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி நன்றாக ஆடி, எதிராளியின் காய்களை எல்லாம் வெட்டிவிட்டாள். பலகையில் அவளுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிரே தனி ராஜா. வென்றுவிட்டோம் என்ற முகத்தோடு சிப்பாயை விறுவிறுவென்று தள்ளினாள். எதிராளியின் ராஜா வந்து முன்னால் நின்றுகொண்டது. கடைசியில் அதற்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் சமன். அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: ராஜாவை முன்னே நடத்தி, சிப்பாயைப் பின்னால் வரவிடுவது. ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையை எட்டிவிட்டால், யாருடைய முறையாக இருந்தாலும் வெற்றிதான். ஓரச் சிப்பாய் என்றால் மட்டும் கணக்கு வேறு. இதைச் சொல்லிக் காட்டப் பத்து நிமிடம் போதும். நான்கு நகர்வு மேட்டை மூன்று விதமாகத் தெரிந்து வைத்திருந்த அந்தப் பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கொடுத்திருக்கவில்லை.

1921இல் உலக சாம்பியனான கியூபாவின் கப்பாபிளாங்கா இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். முதலில் படிக்க வேண்டியது முடிவாட்டம், அதாவது காய்கள் குறைந்த பிறகு வரும் கடைசிக் கட்டம், மற்றதெல்லாம் அதை வைத்தே புரியும் என்பது அவர் கட்சி. அதே வருடம் வெளிவந்த அவருடைய பாடநூலும் எளிய மேட்டுகளிலும் ராஜா-சிப்பாய் ஆட்டங்களிலும்தான் தொடங்குகிறது. காய்கள் குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு காயின் பலமும் கண்ணுக்குத் தெரியும். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்கு இது இன்னும் நியாயமாகப் படுகிறது. கூட்டல் தெரியாத பிள்ளைக்கு நாம் அட்சரகணிதம் தொடங்குவதில்லை.

பழைய கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். குகேஷ் பட்டம் வென்ற 14ஆவது ஆட்டத்தையே எடுத்துப் பாருங்கள். சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். 55ஆவது நகர்வில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் கோட்டைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். கோட்டைகள் போயின. உடனே குகேஷ் மந்திரிகளையும் வெட்டவைத்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58ஆவது நகர்வோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். உலகப் பட்டமே ஒரு ராஜா-சிப்பாய் கணக்கில்தான் கைமாறியது. நம் பிள்ளைகள் கொண்டாடிய அந்த வெற்றியில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

நம் மலையகப் பிள்ளைகளுக்கு நான் விடாமல் சொல்லும் இன்னொரு பெயர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் பிறந்தவர். சிப்பாய் இரண்டு கட்டம் பாய முடியாத பழைய இந்திய முறையில் ஆட்டத்தைக் கற்றவர். தொடக்க ஆட்டப் புத்தகங்கள் எதையும் கரைத்துக் குடித்தவரல்ல. 1929இல் இங்கிலாந்து போய், அதே வருடம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பிறகு 1932, 1933 என்று இன்னும் இரண்டு முறை. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கப்பாபிளாங்காவையே தோற்கடித்தார். அவருடைய பலம் பொறுமையும் ஆட்டத்தின் பின்பகுதியும். உலகச் சதுரங்க அமைப்பு 2024இல்தான் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. புத்தகமும் பயிற்சியாளரும் இல்லை என்று சோர்ந்துபோகும் பிள்ளைக்கு இவரை விட்டால் வேறு யாரைச் சொல்வது?

விரைவான வெற்றிதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பீர்கள். சரி, அதற்கும் நல்ல ஆட்டம் இருக்கிறது. 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில், சேர்ந்து யோசித்து ஆடிய இருவரை அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஃபி 17 நகர்வில் மேட் வைத்த ஆட்டத்தைக் காட்டுங்கள். ராணியையே கொடுத்துவிட்டு, கோட்டையும் மந்திரியுமாக முடிப்பார். ஒவ்வொரு காயும் வேலைக்கு வந்த பிறகுதான் அடி விழுகிறது என்பதைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் சோவியத் நாட்டு உலக சாம்பியன் பொத்வின்னிக். 1960இல் தால் என்ற இளம் ஆட்டக்காரரிடம் பட்டத்தை இழந்தவர், மறு வருடமே 49 வயதில் அதைத் திரும்ப வாங்கினார். தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, குறைகளை எழுதி வைக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். இதற்கு நமக்கு வேண்டியது ஒரு கொப்பியும் பேனாவும்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு நகர்வுகளை எழுதும் பழக்கமே இல்லை. தோற்றவுடன் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கிவிடுகிறார்கள். எங்கே தோற்றோம் என்பது அந்த அடுக்கலோடு போய்விடுகிறது. போட்டி நடத்துபவர்களுக்கு இதில் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு நகர்வெழுதும் தாளைக் கொடுங்கள், ஆட்டம் முடிந்ததும் ஆடிய இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க அரை மணி நேரமாவது விடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழும்பு வகுப்புக்குப் போக வசதியில்லை. மேல் டிவிஷனில் சிக்னல் இல்லை, இருந்தாலும் டேட்டாவுக்கு ரீலோட் போட அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். பாடசாலையில் இருக்கும் செட்டில் ஒரு குதிரையும் சில சிப்பாய்களும் காணாமல் போயிருக்கும். ஆனால் முடிவாட்டம் படிக்க மூன்று நான்கு காய்கள் இருந்தால் போதுமே! அரைகுறை செட்டும் அதற்கு முழு செட்தான். 1921இல் ரேட்டி என்ற ஐரோப்பிய ஆட்டக்காரர் அமைத்த புகழ்பெற்ற புதிரில் மொத்தமே நான்கு காய்கள். ஓடும் கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராஜா பிடிக்கவே முடியாது போலத் தோன்றும். ராஜா சாய்வாக நடந்து, அதையும் துரத்திக்கொண்டே தன் சிப்பாய்க்கும் துணையாகப் போய் ஆட்டத்தைச் சமனாக்கிவிடும். நேராகப் போனாலும் சாய்வாகப் போனாலும் ராஜாவுக்கு நகர்வுக் கணக்கு ஒன்றுதான் என்பது பிடிபட்டதும், பிள்ளைகள் பலகையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சிறுவர் பகுதியில் வாரம் ஒரு முடிவாட்ட நிலையைப் படத்தோடு போடுங்கள். கால் பக்கம்கூட வேண்டாம், ஒரு விளம்பரத்தின் இடம் போதும். யார் நகர வேண்டும், வெல்ல வேண்டுமா சமனாக்க வேண்டுமா என்று ஒரு வரி. விடை அடுத்த வாரம், எளிய தமிழில். உங்கள் பத்திரிகை வந்துசேரும் கடைக்கோடித் தோட்டத்திலும் பிள்ளைகள் அதை வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டிக்கொள்வார்கள். நிலைகளைத் தேர்ந்து விளக்கம் எழுதித் தர நான் தயார், அதற்கு எந்தக் கொடுப்பனவும் வேண்டாம். முதல் வாரத்துக்கு, அந்த ஏழாம் ஆண்டுப் பிள்ளை சமனாக்கிய ராஜா-சிப்பாய் நிலையையே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தலவாக்கலை