அபாயமணி வேலை நிறைவு: அங்கத்தவர்களுக்கான அறிக்கை

அம்மன் துணை

பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும் ஊர் மக்களுக்கும்,

கோயிலுக்கு அபாயமணி பூட்டும் வேலை, வைகாசிக் கதவு திறத்தலுக்கு முன்னமே முடிந்துவிட்டது. மட்டக்களப்புப் பகுதியின் பல கண்ணகி கோயில்களைப் போல எங்கள் கோயிலும் சடங்கு நாட்கள் தவிர்ந்த காலமெல்லாம் பூட்டிக் கிடப்பது. அப்படிப்பட்ட இடத்தில் மணி சும்மா நாலு முறை அடித்தால், ஐந்தாம் முறை அயலவர் எவரும் எழும்பி வரமாட்டார்கள். ஆகவே வாங்கிய பொருட்களின் விலைவிபரத்தை அறிவித்தல் பலகைக்கு விட்டுவிட்டு, வயரிங்கில் என்ன செய்தோம் என்பதையே இங்கே எழுதுகிறோம்.

கட்டுப்பாட்டுப் பெட்டி களஞ்சிய அறையில் இருக்கிறது. எட்டு வலயம், அதாவது பெட்டி தனித்தனியாகக் கண்காணிக்கும் எட்டு இடம். முன்வாசல், தெற்குக் கதவு, வடக்குக் கதவு, மண்டபம், மூலஸ்தான முன்பக்கம், களஞ்சியக் கதவு, உண்டியல், அவசர பொத்தான் என்று எட்டும் நிரம்பிவிட்டன. தெற்கு வடக்குக் கதவுகளை ஒன்றாகக் கோத்தால் ஒரு வலயம் மிச்சம் பிடிக்கலாமே என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. பிடிக்கலாம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு எந்தக் கதவுக்கு ஓடுவது என்று தெரியாது. முன்வாசலுக்கு மட்டும் 30 விநாடி தாமதம் உண்டு, உள்ளே வந்து இலக்கம் அழுத்துவதற்காக. உண்டியலும் பொத்தானும் 24 மணிநேர வலயங்கள். மணியை நிறுத்தி வைத்திருந்தாலும் அவை விழித்திருக்கும். மூலஸ்தானத்துக்குள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

பெரிய பிழை, வயர் நலமா என்று பெட்டி அளந்து பார்க்க உதவும் சிறு தடையிகளில் (resistor) நடந்தது. முதலில் வயர் இழுத்தவர்கள் எல்லாத் தடையியையும் பெட்டிக்குள்ளேயே முறுக்கி விட்டிருந்தார்கள். திரையில் எல்லாம் சரி என்றே காட்டியது. தெற்குக் கதவடியில் வயரின் தோலைச் சீவி, இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட வைத்துக் கதவைத் திறந்து பார்த்தோம். மணி அடிக்கவில்லை! தடையி பெட்டிக்குள் இருந்தால், வெளியே வயர் குறுக்கே ஒட்டிக்கொண்டாலும் பெட்டிக்குத் தெரிவது அதே தடைதான். அது கதவு மூடியிருக்கிறது என்றே நம்பும்.

எட்டு வலயத்தையும் பிரித்து மறுபடி கட்டினோம். ஒவ்வொரு கருவியின் உள்ளேயும் இரண்டு 4.7 கிலோ ஓம் தடையிகள் (மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம்). ஒன்று தொடராக, மற்றது சுவிச்சுக்குக் குறுக்காக. இப்போது பெட்டிப் பக்கத்தில் வயரைக் கழற்றி மல்டிமீற்றர் வைத்தால் மூடிய கதவுக்கு 4.7, திறந்த கதவுக்கு 9.4 காட்டும். வயரை வெட்டினால் முடிவிலி, குறுக்கே தொடுத்தால் பூச்சியம். இவை இரண்டும் மணியை அடிக்க வைக்கும். இந்தப் பெறுமானம் எங்கள் பெட்டிக்குரியது. வேறு தயாரிப்புக்கு 2.2 அல்லது 5.6 கேட்கலாம், கைநூலைப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

வடக்குக் கதவு மட்டும் 3.9 காட்டிக்கொண்டிருந்தது. தடையி பழுதில்லை. இணைப்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, இரண்டு கம்பிக்கும் நடுவே பச்சை பூத்திருந்தது. வாவிக் காற்றுப் படும் ஊரில் வயரை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றுவது ஒரு மாரிக்குத்தான் தாங்கும். எல்லா வயர் மூட்டுகளையும் ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, கேபிளை அடியிலிருந்து மேல்நோக்கிப் பெட்டிக்குள் நுழைத்தோம்.

மணிக்கூட்டுக் கோபுரத்துச் சைரன் முதலில் முனகியது. பெட்டியிலிருந்து 55 மீற்றர். போக வர 110. சென்சருக்கு இழுத்த 0.22 சதுர மில்லிமீற்றர் கேபிளையே அங்கேயும் இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.08 ஓம், ஆக 8.8 ஓம். ஒரு அம்பியர் கேட்கும் சைரனுக்குரிய வோல்ற்றில் பெரும்பகுதி வயரிலேயே கரைந்துவிடும். 1 சதுர மில்லிமீற்றர் வயர் மாற்றியபின் இழப்பு 2 வோல்ற்றுக்குள் வந்தது. 15 மில்லி அம்பியர் குடிக்கும் சென்சர்களுக்குப் பழைய கேபிளே தாராளம்.

மண்டபத்தில் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சர் வௌவாலுக்கு அடித்தது. உணர்திறனைக் குறைத்தால் வௌவாலோடு கள்ளனும் தப்புவான். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலான வெளியைக் கம்பிவலையால் அடைத்ததே சரியான மருந்து. சென்சர் 2.3 மீற்றர் உயரத்தில் மூலையில் இருக்கிறது, வெயில் விழும் சல்லடை யன்னலைப் பார்க்காமல். வயர் நுழையும் துளையைச் சிலிக்கனால் அடைத்தோம். எறும்பும் பல்லிக்குஞ்சும் உள்ளே போனால் அதுவே ஒரு பொய்மணி.

முன்வாசல் இரும்புக் கேற். இரும்பு காந்தத்தைத் தின்னும் என்பதால் கதவு திறந்ததைக் காந்தத்தால் அறியும் சாதாரண பிளாஸ்டிக் சுவிச்சுக்குப் பதில் அகன்ற இடைவெளி தாங்கும் அலுமினிய உறைச் சுவிச் பூட்டினோம். மரக் கதவுகள் மாரியில் ஊதும். அவற்றை மழை நாளில் மூடிப் பார்த்தே காந்தத்தின் இடம் குறிக்கப்பட்டது.

பற்றரி 12 வோல்ற், 7 அம்பியர்-மணிநேரம். மொத்த இழுவை 230 மில்லி அம்பியர். கணக்குக்கு 30 மணிநேரம் வரும், நாங்கள் 24 என்றே எண்ணுகிறோம். பூட்டிய திகதி அதன் முதுகில் எழுதப்பட்டுள்ளது, மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். மணி அடித்தால் மூன்று தொலைபேசிகளுக்கு அழைப்புப் போகும். அதில் ஒன்று கோயில் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கருடையது. சிம்முக்கு மாதம் பிறந்ததும் காசு போடுவது பொருளாளர் பொறுப்பு. காசு தீர்ந்த சிம்மால் சைரன் மட்டும்தான் கத்தும்.

சடங்கு நாட்களில் பறை, உடுக்கு, வெடி அதிர்வுக்கு உண்டியல் உணரி துள்ளும். ஆகவே கதவு திறந்த அன்றே ஏழாம் வலயத்தை விசைப்பலகையில் ஒதுக்கி வையுங்கள். சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி முடிந்து கதவு பூட்டுமுன், அதைத் திரும்பச் சேர்த்து ஒருவர் மண்டபத்தில் நடந்து பார்க்க வேண்டும். அலங்கார விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் தற்காலிக லைன் இழுக்கும் பொடியன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: சாம்பல் நிறக் குழாய் எங்கள் வயர். அதில் 230 வோல்ற் லைனைச் சேர்த்துக் கட்டாதீர்கள், ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்குறுக்காகப் போங்கள்.

வலயம் ஒவ்வொன்றின் மீற்றர் அளவும் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டுள்ளது. மிஞ்சிய 12 மீற்றர் கேபிள், நாலு தடையி, ஒரு காந்தச் சுவிச் ஆகியன களஞ்சிய அறை மேல்தட்டில் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன.

இங்ஙனம்
திருப்பணிக் குழு