அடுத்த முறை பாட்டிகளைக் கேட்டுவிட்டுத் துணி வாங்குங்கள்

மதிப்பிற்குரிய பயிலரங்கு ஏற்பாட்டாளர்களுக்கும், அவர்களுக்கு அரங்கும் அனுமதியும் தந்த அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

சீசன் நேரத்தில் ஊட்டியில் நீங்கள் நடத்திய மரபுக் கைவினைப் பயிலரங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். அழைப்பிதழ் அடித்ததும் நீங்கள்தான், படம் எடுத்துப் போட்டதும் நீங்கள்தான் என்பதால் நிகழ்ச்சி நிரலை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். உள்ளூர்ப் பள்ளிகளுக்குக் கட்டணம் இல்லை என்றீர்கள், நன்றி. கடைசி வரிசையில் உட்கார வைத்தீர்கள், அதுவும் போகட்டும். துணி விஷயத்தை மட்டும் போகட்டும் என்று விட முடியவில்லை.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரிக்கு வளையச் சட்டம் கிடையாது, அச்சுக் கிடையாது, கோடு போட்டுக்கொள்வதும் கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். அதற்குக் கொஞ்சம் முரடான வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடு எது என்று இழை தனித்தனியாகத் தெரிய வேண்டும். இத்தனை இழையை விட்டு இத்தனை இழையை எடுத்து, சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் வரிசை வரிசையாக ஏறும். முடிந்த பிறகு பார்த்தால் நெய்ததா தைத்ததா என்று சந்தேகம் வரும். தொடக்கத்தில் ஓர் இழை தப்பினால் வரிசையின் கடைசியில் கோலம் கோணிக்கொள்ளும், பிரித்துத்தான் ஆக வேண்டும். தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி ஒன்று முடிய எத்தனை வாரம், எத்தனை மாதம் ஆகும் என்பது அவர்கள் குடியிருப்பான மந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீங்கள் கொடுத்தது பாலியஸ்டர் கலந்த மில் துணி. வழவழவென்று இருந்தது, இஸ்திரி போட்டு மடித்து, மூலையில் உங்கள் சின்னமும் அச்சாகியிருந்தது. நான் தையல் சொல்லிக்கொடுக்கிறவள், கையில் வாங்கியதுமே வயிற்றில் புளியைக் கரைத்தது. மந்திலிருந்து வந்திருந்த பாட்டி அதைக் கண்ணருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்றால், ப்ரொஜெக்டருக்காக ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து விட்டிருந்தீர்கள். வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கப் பார்த்தார், நாலைந்து சேர்ந்து வந்தன. மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் போர்வை ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். மேடையிலிருந்து ஒருவர், "பாட்டி, சீக்கிரம் ஆரம்பிங்க, டைம் ஆகுது" என்று மைக்கில் சொன்னார். பாட்டி என் பக்கம் திரும்பி, "டீச்சர், இதுல எண்ண முடியாதும்மா" என்றார். அதை நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பதிலுக்குக் கார்பன் பேப்பர் வந்தது.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததற்குப் பெயர் தோடர் எம்பிராய்டரி இல்லை. கணினியில் எடுத்த டிசைனைத் துணிமேல் பதித்து, அந்தக் கோட்டின்மேல் எல்லோரும் குறுக்குத் தையல் போட்டார்கள். அதை நானே பள்ளியில் சொல்லித்தருவேன், அதற்கு மலையேறி வர வேண்டியதில்லை. கற்றுத்தர வந்த பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் முடிந்ததும், ஓர் இழையைக்கூட எண்ணாத அத்தனை பேருக்கும் 'பயிற்சி பெற்றவர்' என்று சான்றிதழ் கிடைத்தது. பாட்டிக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். தன் கையால் தைத்த பூத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவர் மேல் பளபளவென்று ஒரு நைலான் துண்டு! அதைப் படம் எடுத்த தம்பிக்குக்கூட ஒன்றும் தோன்றவில்லையா?

நான் கேட்பது ஒன்றுதான். துணி வாங்குவதற்கு முன், தேதி குறிப்பதற்கு முன், அரங்கு பிடிப்பதற்கு முன், கற்றுக்கொடுக்க வருகிறவர்களிடம் கேளுங்கள். என்ன துணி, என்ன நூல், எத்தனை நாள், எங்கே உட்காருவது என்று அவர்கள் சொல்லட்டும். தெரிந்தவர்கள் தொலைவில் இல்லை. முத்தொரைப் பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, ஒரு போன் போட்டிருந்தால் யாரைப் பார்ப்பது என்று சொல்லியிருப்பார்கள்.

கோத்தர், குறும்பர் என்ற இந்த மலையின் மற்றப் பழங்குடியினரின் கைவினைக்கு வைத்த பக்கத்து மேசைகளும் இதே கதைதான். கோத்தர் மண்பாண்டம் என்று பலகை வைத்து, கடையில் விற்கிற பாக்கெட் களிமண்ணைக் கொடுத்தீர்கள். கோத்தர் பெண்கள் வனைகிறவர்கள், மண் எடுப்பதற்கே அவர்களுக்கு முறை உண்டு. குறும்பர் ஓவியத்துக்குப் போஸ்டர் கலர் டப்பா. வேங்கை மரத்துப் பிசின் எப்படி நிறமாகிறது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். "அதெல்லாம் இப்ப முடியாதும்மா, இதுவே போதும்" என்றார் ஒரு தன்னார்வலர். பாவம், அந்தத் தன்னார்வலரைச் சொல்லி என்ன, அவரும் அன்றைக்குத்தான் கீழே இருந்து வந்தவர்.

இந்த மலையில் எல்லாமே சீசனுக்குத்தான் என்று ஆகிவிட்டது. தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, எங்கள் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, அந்த வரிசையில் இப்போது பாட்டிகள் கண்காட்சி. அந்தந்த மண்ணின் பொருளுக்குத்தான் அந்தப் பெயர் என்று காக்கிற புவிசார் குறியீடு தோடர் எம்பிராய்டரிக்குக் கிடைத்தது 2013-இல். இன்றைக்கும் ஊட்டிக் கடைத்தெருவில் மெஷினில் அடித்த சால்வையைத் 'தோடா சால்வை' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 2024 மே 7 முதல் மேலே வருகிற வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறோம், மேலே வருகிற மெஷின் சால்வையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. தையலுக்கும் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் 2012-இல் பகுதிநேரமாக எடுத்தவர்கள் இன்னும் நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொழிலுக்கு இங்கே இருக்கிற மரியாதை அவ்வளவுதான் என்று பிள்ளைகள் எங்களைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. வெளியூர்க்காரர்களும் எங்கள் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததே நல்ல காரியம். அதைச் செய்யத் தெரிந்தவர்களை அலங்காரத்துக்கு உட்கார வைத்ததில்தான் கெட்டுப்போனது. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: முதலில் அவர்களிடம் கேளுங்கள். பொன்னாடைக்கும் பேனருக்கும் செலவழிக்கிற பணத்தில் சரியான துணி வாங்கலாம். போக வரப் பஸ் காசோடு நிறுத்தாமல், பயிற்றுநருக்கு என்ன சம்பளம் தருவீர்களோ அதை அவர்களுக்கும் தரலாம்.

அலுவலகத்தாருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் பாட்டியிடமும் அவருடன் வந்த அக்காக்களிடமும் பேசினேன். ஒருநாள் கூத்தாக இல்லாமல் வாராவாரம் என்றால், அதுவும் பகல் வெளிச்சத்தில் என்றால், வரத் தயார் என்றார்கள். துணியை அவர்களே பார்த்து வாங்கித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளியின் கிழக்குப் பக்க வராந்தாவில் உட்காரலாம், காலையில் நல்ல வெயில் விழும் இடம். தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார், மேலிருந்து ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும் என்கிறார். மதிப்பூதியத்துக்கும் துணி நூலுக்கும் ஆகும் செலவை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பள்ளி திறப்பதற்குள் அதைப் பார்த்து ஒரு பதில் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.