ராபர்ட் கானின் பாடல்களைக் கரைசேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் கானின் பாடல்களை மட்டுமே கொண்ட எங்கள் கச்சேரி சனிக்கிழமை மாலை குறித்த நேரத்தில் தொடங்கி, ஒரு பாடலும் விடுபடாமல் நிறைவுற்றது. அதற்கு முந்தைய நாள்களில் எங்கள் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகி பாட முடியாமல் போனதை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. அவர் வீடு திரும்பிவிட்டார், குரலுக்குச் சில வாரங்கள் முழு ஓய்வு தேவை என்பதைத் தவிர அவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் முதலில் தெரிவித்துவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதாவிட்டால் இம்மடலுக்கே பொருளில்லை. தம் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன்.

அவருக்குப் பதிலாக அவசரத்துக்கு முன்வந்த மெஸ்ஸோ பாடகியின் குரல் சொப்ரானோவைவிடத் தாழ்ந்தது. பியானோ மட்டும் துணையிருக்கும் பாடல்களுக்கு இது பெரிய தடையன்று. பழகிய பக்கவாத்தியக்காரர் தாளைப் பார்த்தபடியே சுருதியை இறக்கி வாசித்துவிடுவார். கான் இயற்றிய 'யுங்ப்ரூனன்' பாடல்கள் ஏழிலும் குரலுடன் பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்றும் சேர்கின்றன. ஜெர்மன் கவிஞர் பால் ஹைஸேயின் கவிதைகளுக்கு இசையமைத்த தொகுப்பு அது. இதே கவிதை வரிசையிலிருந்து புகழ்பெற்ற இசையமைப்பாளர் பிராம்ஸும் சிலவற்றைக் கூட்டுக்குரலுக்கு அமைத்திருக்கிறார். சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கினால் தந்திக்கலைஞர்களின் விரலிடங்கள் எல்லாம் மாறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, வயலினின் அடித்தந்தியான 'ஜி'க்குக் கீழே அதில் சுரமே கிடையாது என்பது. அந்தத் தந்தியைத் தொடும் இடங்களில் என்ன செய்வது என்று வெள்ளிக்கிழமை மாலை தேவாலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து வாதிட்டுக்கொண்டிருந்தோம். ஏழு பாடல்களையும் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்தும் விட்டோம்.

அந்த வேளையில் ஞாயிறு வழிபாட்டுக்குப் பூ அடுக்க வந்திருந்த முதிய பெண்மணி ஒருவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் வந்து, இரண்டு தந்திப் பகுதிகளையும் தம்மிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஓய்வுபெறும்வரை இசைக்குழுக்களுக்கு வாத்தியப் பகுதிகளைக் கையால் படியெடுத்துக் கொடுத்ததுதான் தமது பிழைப்பு என்று அதன்பிறகே சொன்னார். மறுநாள் காலை கதவருகே ஒரு பழுப்பு உறை இருந்தது.

அந்தத் தாள்களைப் பற்றி இசைக்கலைஞர் அல்லாதோருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முழுவதும் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. ஒரு சுரத்தின் வால்கூட அடுத்ததன்மேல் இடறவில்லை. வயலினுக்கு எட்டாத சுரங்களைச் செல்லோவின் பகுதியில் சிறிய வடிவில் எழுதி, அங்கே வயலின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் குறித்திருந்தார். எங்கள் நகலில் மங்கிப்போயிருந்த இடங்களைப் பியானோ பகுதியோடு ஒப்பிட்டுத் தெளிவாக்கி, தமக்கே உறுதியில்லாத ஒரு சுரத்தின் தலைமேல் மட்டும் கேள்விக்குறி இட்டிருந்தார். இவை யாவும் அவரது தொழில் நேர்த்தி. என்னை வாயடைக்கச் செய்தது வேறொன்று: ஒவ்வொரு பக்கமும் ஓய்வுக்குறியில் முடிந்திருந்தது. வாசிப்பவர் வில்லை நிறுத்தும் இடத்தில்தான் தாளைத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்காகச் சில பக்கங்களின் அடியில் பாதித் தாளை வெறுமையாக விட்டிருந்தார். பதற்றத்தோடு மேடையேறப்போகும் இருவரின் கைகளை இரவெல்லாம் நினைத்துப் பார்த்தவருக்கே இது தோன்றும். பணம் வாங்க மறுத்துவிட்டார். நுழைவுச்சீட்டைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

கானின் பாடல்கள் மறக்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். 1865இல் மன்ஹைமில் யூத வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். பிராம்ஸ் தாமே கற்றுத்தருவதாகச் சொன்னபோது கூச்சத்தால் ஏற்காதவர். பெர்லின் இசைக் கல்லூரியில் ஆர்தர் ரூபின்ஸ்டைன், வில்ஹெல்ம் கெம்ப் போன்ற பியானோ கலைஞர்களுக்குக் கற்பித்தவர். நாஜி ஆட்சியில் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலக்கப்பட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு இங்கிலாந்துக்கு அகதியாக வந்து, 1951இல் இதே கென்ட் மாவட்டத்தின் பிடென்டன் கிராமத்தில் மறைந்தார். நாஜிகளின் தடைதான் அவர் பாடல்களை முதலில் மேடையிலிருந்து இறக்கியது. போருக்குப் பின் தடை நீங்கியும் அவை திரும்பாததற்கு ரசனை மாறியதைக் காரணமாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆயினும் இந்த வாரத்துக்குப் பிறகு எனக்கு வேறொரு காரணமும் படுகிறது. ஒரு பாடல் அச்சில் இருப்பதாலேயே பாடக்கூடியதாகிவிடுவதில்லை. அதை இன்றைய குரலுக்கு ஏற்ப இறக்கி, பிரித்து, படியெடுத்துத் தர யாராவது உட்கார வேண்டும். புகழ்பெற்ற இசையமைப்பாளர்களுக்குப் பதிப்பகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கானுக்கு, பூ அடுக்க வந்தவர் செய்தார்.

இறக்கிய சுருதியில் எல்லாப் பாடல்களும் சிறந்தன என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டில் வயலினின் மினுக்கம் குறைந்தது. ஆனால் மெதுவான பாடல்களில் செல்லோவும் தாழ்ந்த குரலும் ஒட்டி நடந்தபோது, கான் வெறும் பிராம்ஸின் நிழல் என்று சொல்லி வந்த நண்பர்கள் இருவர் இடைவேளையில் என்னிடம் வந்து பேசாமல் நின்றார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாடல்களை அவ்வளவு குறுகிய நேரத்தில் மனத்தில் ஏற்றிய மெஸ்ஸோ பாடகிக்கும், ஜெர்மன் உச்சரிப்பைத் தொலைபேசியிலேயே திருத்திக்கொடுத்த ஆசிரியருக்கும், பழைய பதிப்புகளைத் தேடித் தந்த நூலகப் பணியாளர்களுக்கும், பியானோவுக்கு இரண்டாம் முறையும் சுருதி கூட்டியவருக்கும், பக்கம் திருப்பிய பள்ளி மாணவனுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், பாடகி மாறியது தெரிந்தும் சீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வந்து அமர்ந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

கான் தம் முதுமையில், வெளியிட வழியில்லாத ஆண்டுகளில், இசை நாட்குறிப்பாக ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பியானோத் துண்டுகளை எழுதி வைத்தார். அவற்றில் சிலவற்றையும், ஜெர்மன் கவிஞர் மோர்கென்ஸ்டெர்னின் கவிதைகளுக்கு அவர் அமைத்த பாடல்களையும் அடுத்த ஆண்டு இதே இடத்தில் வழங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். அப்போது எங்கள் சொப்ரானோவே பாடுவார். பென்சில் தாள்களைப் படியெடுத்து வைத்திருக்கிறோம். தாழ்ந்த குரலுள்ள பாடகர் யார் கேட்டாலும் கட்டணமின்றி அனுப்புவோம். பக்கங்கள் முடியும் இடங்களை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கச்சேரிக் குழுவின் சார்பில் பியானோ வாசித்தவர்