அத்தையின் முழங்காலும் வெனிஸ் பாலங்களும்

அன்புள்ள மல்லிகா,

அப்பா காரியத்துக்கு நீ வந்துபோன பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பத்தாம் வகுப்பு. அம்மா என்னோடுதான் இருக்கிறாள்.

நேற்று சித்ரா போனில் சொன்னாள், நவம்பரில் நீ அத்தையைக் கூட்டிக்கொண்டு இத்தாலி போகிறாயாம். ரோமில் மூன்று நாள், ஃப்ளாரன்ஸில் இரண்டு நாள், வெனிஸுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறீர்களாம். கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. குற்றாலத்தில் எல்லா அருவியையும் மத்தியானத்துக்குள் பார்த்தாக வேண்டும் என்று எங்களை ஓட ஓட விரட்டியவள் நீ. அன்றைக்குக் கூட வந்தது கமலா, ஓடினாள். இப்போது வருவது எழுபத்திரண்டு வயது அத்தை.

அம்மாவோடு நான் வெனிஸ் போய்வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போகும் முன்னால் கோயில், அரண்மனை என்று என்னென்னவோ படித்தேன். படிகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஊரில் கார் இல்லை, ஆட்டோ இல்லை, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. பஸ்ஸும் டாக்ஸியும் ஊர் வாசலில் இருக்கும் பியாத்சாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் கால் அல்லது படகு. நடந்தால் எல்லாம் கிட்டத்தில்தான், ஆனால் வழியெல்லாம் பாலம். 400க்கு மேல் இருக்கின்றன. கீழே படகு போக வேண்டும் என்பதால் பெரும்பாலானவை நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் படியோடு இருக்கும். பத்துப் படி ஏறி, பத்துப் படி இறங்கி, இருநூறு அடி நடந்தால் மறுபடி பத்துப் படி. முதல் நாள் அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினாள், பேசுவதையும் நிறுத்தினாள்.

அன்று ராத்திரி நடந்ததுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் விடுதியின் முகவரி என்று கையில் இருந்தது 'கஸ்தெல்லோ' என்ற வட்டாரப் பெயர், ஒரு நாலு இலக்க எண், அவ்வளவுதான். அங்கே வீட்டு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது. ஊர் மொத்தமும் ஆறு வட்டாரம், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் எண் போய்க்கொண்டிருக்கும். குறுகிய சந்துகளில் போனில் இருந்த வரைபடம் எங்களை வாய்க்காலின் இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் மாறி மாறிக் காட்டியது. தூறல் வேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் ஏறி இறங்கினோம், அதில் இரண்டு, ஏற்கெனவே ஏறியவை. கடையைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பெட்டியின் ஒரு காதைத் தானே பிடித்துக்கொண்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அம்மா அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அதனால் சொல்கிறேன், தூரத்தைப் பார்க்காதே, பாலத்தைப் பார். நீ அங்கே ராத்திரி தங்கத்தான் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அறை எடுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து வாசல்வரை எத்தனை பாலம், பக்கத்தில் இருக்கும் தேவாலயத்தின் பெயர் என்ன, கட்டிடத்துக்குள் லிஃப்ட் உண்டா. லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா என்ற தெருவைப் பார். ஸ்டேஷனிலிருந்து நேரே போகிறது, குல்யே பாலம் வரும்வரை சமதளம். கஸ்தெல்லோ பக்கம் வியா காரிபால்தியும் நல்லது. அது வாய்க்காலைத் தூர்த்துப் போட்ட தெரு, அதனால்தான் அவ்வளவு அகலம். வரைபடத்தில் 'ரியோ தெரா' என்று பெயர் வந்தாலே தூர்த்த வாய்க்கால் என்று வைத்துக்கொள், பாலம் தொந்தரவு குறைவு.

ரயிலில் வந்தால் கவனம். 'வெனேசியா மெஸ்த்ரே' என்று முதலில் ஒரு ஸ்டேஷன் வரும், அவசரப்பட்டு இறங்கிவிடாதே. அது கரையில் இருக்கும் ஊர். கடலின் மேல் போகும் நீளப் பாலத்தைத் தாண்டி 'சாந்தா லூச்சியா'வில் இறங்கு. வாசலிலேயே பெரிய கால்வாய், எதிரே படகுத்துறை.

வப்போரெத்தோ என்கிற அந்தப் படகுதான் உங்களுக்குப் பஸ். ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷத்துக்குச் செல்லும். அத்தை இருப்பதால் ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் ஏற வேண்டும், நாள் கணக்குப் பாஸ் வாங்கிவிடு. 24 மணி நேரத்துக்கு 25 யூரோ, 72 மணி நேரத்துக்கு 45. பாஸ் இருந்தாலும் ஏறும்முன் கருவியில் காட்டியே ஆக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று மிதவை மேடை இருக்கும், எது எந்தத் திசை என்று பார்த்து நில். மேடை ஆடும், அத்தையின் கையைப் பிடித்துக்கொள்.

ஒன்றாம் எண் படகு ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நிற்கும், ஸ்டேஷனிலிருந்து சான் மார்க்கோ சதுக்கம் போக முக்கால் மணி நேரம் ஆகும். சாயங்காலம் அதில் பின்பக்கம் திறந்த இருக்கையில் அம்மாவை உட்கார வைத்தேன். ஒவ்வொரு துறையிலும் படகுக்காரப் பெண் கயிற்றை வீசி, இரும்பு முளையில் ஒரு சுற்று, குறுக்கே இன்னொரு சுற்று போட்டு இழுப்பாள். படகு முனகிக்கொண்டு ஒட்டும். கம்பிக் கதவு திறக்கும், மூடும், கயிறு ஒரே உதறலில் கழன்றுவிடும். அரண்மனைகளைவிட அம்மா அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிணத்துல வாளி கட்டற மாதிரியே கட்றா பாரு" என்றாள். ரியால்தோ பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல்களில் விளக்கு எரியத் தொடங்கியது. இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தோம். பகலில் வந்த கூட்டம் ரயிலேறிப் போன பிறகுதான் இதெல்லாம் கிடைக்கும். ஃப்ளாரன்ஸில் ஒரு ராத்திரியைக் குறைத்தாவது இங்கே இரண்டு ராத்திரி தங்கு மல்லிகா.

கோந்தோலா என்கிற துடுப்புப் படகில் போக ஆசை இருந்தால் முப்பது நிமிஷத்துக்கு 90 யூரோ, ராத்திரியில் 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு.

நவம்பர் என்றதும் கடல் ஏறி ஊருக்குள் தண்ணீர் வரும் என்ற பயம் வந்திருக்கும். 2019 நவம்பர் 12 அன்று கடல் ஏற்றம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது. 2020 அக்டோபரிலிருந்து, கடல் உள்ளே வரும் மூன்று வாயிலிலும் 78 தடுப்புகளை எழுப்பி நிறுத்துகிறார்கள். ஆனால் பெரிய ஏற்றத்துக்குத்தான் எழுப்புவார்கள், சான் மார்க்கோ சதுக்கமோ ஊரிலேயே தாழ்ந்த இடம். கணுக்கால் அளவுத் தண்ணீர் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வடியும். பலகை மேடை போடுவார்கள், அதில் அத்தையை ஏற்றாதே. வாய்க்காலுக்குள் இறங்கும் படிகளில் பச்சையாகப் பாசி இருக்கும், போட்டோவுக்காகக்கூட அதில் கால் வைக்க வேண்டாம்.

அப்புறம், அத்தைக்குக் கால் வலித்தால் பாலப் படியில் உட்கார வைத்துவிடாதே, அபராதம் போடுவார்கள். சான் போலோ மாதிரிப் பெரிய சதுக்கங்களில் பெஞ்சு உண்டு. தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், தைரியமாகக் குடிக்கலாம். காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. சாப்பாட்டில் மீன் வேண்டாம் என்று சொன்னால் போதாது, நெத்திலி போட்டதைத் தக்காளிச் சாண்ட்விச் என்று கொடுத்தார்கள். நெத்திலிக்கு 'அச்சூகே', எழுதி வைத்துக்கொள்.

அம்மா இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. போன மாதத்திலிருந்து கட்டிலைக் கீழே கொண்டுவந்துவிட்டோம். அன்றைக்கு அவளை அத்தனை படி ஏறவைத்தேனே என்று சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவளைக் கேட்டால் படிகளைச் சொல்வதில்லை, கயிறு கட்டிய பெண்ணைத்தான் சொல்கிறாள்.

அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. அறை போட்டுவிட்டாயென்றால் முகவரி அனுப்பு, பாலத்தை நான் எண்ணிச் சொல்கிறேன். அம்மாவின் மடக்குக் கைத்தடி சும்மாதான் இருக்கிறது, பெட்டிக்குள் அடங்கும். அடி ரப்பர் மட்டும் தேய்ந்துவிட்டது, நாளைக்கு மாற்றிக் கூரியரில் போடுகிறேன்.

உன்
சுமதி